கலகலக்காத பொட்டலம்

பாய்லர்காரர் என்ற பேரைப் பெரியக்கா முதன்முதலில் கேட்டபோது அவள் வாயில் குண்டூசி இருந்தது. யாரோ ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டைக்குக் கழுத்துப்பட்டி வைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை முடிந்து வந்த தங்கை, செருப்பைக்கூடக் கழற்றாமல், தையல் மெஷின் பலகைமேல் மஞ்சளாக ஒரு மிட்டாயை வைத்தாள்.

"பாய்லர்காரர் கொடுத்தாரு. அவரே செஞ்சதாம். வாயில போட்டுப் பாரேன்."

பெரியக்கா ஊசியை எடுத்துத் துணியில் குத்தினாள். மிட்டாயைத் தொடவில்லை, தங்கையின் முகத்தைத்தான் பார்த்தாள். நாற்பதைத் தொடப்போகிற முகத்தில் புதுசாக ஒரு பளபளப்பு வந்து உட்கார்ந்திருந்தது.

"எந்தப் பாய்லர்காரரு?"

"ஆஸ்பத்திரித் துணியெல்லாம் வெளுக்கிற இடத்துல பாய்லரைப் பாத்துக்கிறாருல்ல, அவருதான். வருஷக் கடைசி லீவு வந்தாச் செய்வாராம். பிள்ளைங்க வார்டு முழுக்கக் கொடுத்தாரு."

"ஆம்பிளை எதுக்குடி மிட்டாய் செய்யணும்?"

"ஏன், ஆம்பிளைங்களுக்கு நாக்கு கிடையாதா?" என்று சொல்லிவிட்டுத் தங்கை முகம் கழுவப் போனாள். போகும்போது ஒரு பாட்டை முணுமுணுத்தாள். அவள் பாடி யாரும் அதுவரை கேட்டதில்லை.

பெரியக்கா மிட்டாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கண்ணாடி மாதிரி அந்தப்பக்கம் தெரிந்தது. முகர்ந்தாள். எலுமிச்சை வாசம். கத்தரிக்கோலின் பிடியால் தட்டி உடைத்து, ஒரு துண்டை மட்டும் நாக்கில் வைத்தாள். முதலில் புளிப்பு, பின்னால் இனிப்பு, கடைசியில் லேசாக வெண்ணெய். கடைக்காரன் மிட்டாய்க்கு இந்த ருசி வராது. நன்றாக இருந்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

தெருவுக்கே அவள் பெரியக்கா. வயசில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளுடைய சந்தேகமும் தெருவுக்குத் தெரிந்ததுதான். பால்காரன் பாத்திரத்தில் விரலை விட்டுப் பார்ப்பாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் மூச்சை இழுத்துப் பிடித்தால், "விடுங்கம்மா, நாலு நாள் கழிச்சு நீங்கதான் தையல் சரியில்லன்னு வருவீங்க" என்பாள். தபால்காரர் சிரித்தால்கூட, என்ன சேதி கொண்டு வந்து சிரிக்கிறார் என்று யோசிப்பாள்.

பிறவியிலேயே அப்படி இல்லை. அவள் புருஷன் துணி மில்லில் வேலை பார்த்தவன். ஒரு முறை பச்சையில் வெள்ளைப் பூப்போட்ட துணி கொண்டு வந்து கொடுத்தான். அவள் தனக்கு ரவிக்கை தைத்துக்கொண்டாள். அந்த மாசமே மருந்துக்கடை வாசலில் ஒரு சின்னப் பெண் பச்சையில் வெள்ளைப்பூப் பாவாடை போட்டுக்கொண்டு நின்றது. அதே துணி. ஒரே சுருளிலிருந்து வெட்டியது என்பதற்கு ஓரத்தில் ஓடிய ஒரு கறுப்பு நூல் சாட்சி சொன்னது. தையல்காரி கண்ணுக்கு அது தப்புமா? குனிந்து, "உங்கப்பா பேர் என்னம்மா?" என்று கேட்டாள். அந்தக் குழந்தை வஞ்சகமில்லாமல் சொன்னது.

புருஷன் போனான். ரவிக்கையைப் பிரித்துக் கரித்துணியாக்கிவிட்டாள். அப்போது பாவாடை கட்டுகிற வயசில் இருந்த தன் தங்கையை வளர்த்து, படிக்க வைத்து, நர்ஸாக்கியது அந்தத் தையல் மெஷின்தான். அன்றிலிருந்து யாராவது எதையாவது இரண்டாகப் பங்கு போட்டால், இரண்டாவது பங்கு எங்கே போகிறது என்று பார்க்காமல் பெரியக்காவுக்குத் தூக்கம் வராது.

அடுத்த வருஷம் முழுக்கப் பாய்லர்காரர் பேச்சாகவே இருந்தது. பாய்லர்காரர் இதைச் சொன்னார், பாய்லர்காரர் அதற்குச் சிரித்தார். கடைசியில் ஒருநாள் தங்கை பாத்திரம் துலக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"அவரைக் கட்டிக்கலாம்னு இருக்கேன்க்கா."

"கட்டிக்கலாம்னு இருக்கியா, இல்ல கட்டிக்கிட்டு வந்து சொல்றியா?"

"உன்னைக் கேக்காம எதைச் செஞ்சேன்? நீ வேண்டாம்னா வேண்டாம். ஆனா அதுக்கப்புறம் வேற யாரையும் பாக்காதே."

அந்த ஒரு பேச்சில் பாரம் முழுக்க அக்காவின் தலையில் இறங்கிவிட்டது. சரி என்று சொல்லி இன்னொரு பச்சைத் துணி ஆகிவிட்டால்? வேண்டாம் என்று சொல்லி நல்ல மனுஷனாக இருந்துவிட்டால்?

அவருக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகி, கோர்ட்டில் முடிந்திருந்தது. அதை அவரே முதலில் சொல்லிவிட்டாராம். பெண்டாட்டி வேறொருத்தரோடு வெளிநாடு போய்விட்டாள் என்றாராம். சொல்கிறவர் சொல்வார். முடிந்ததற்கும் முடிந்ததாகச் சொல்வதற்கும் நடுவில் ஒரு ஊரே குடியிருக்கலாம் என்று பெரியக்காவுக்குத் தெரியும்.

அதோடு கீழ்வீட்டில் குடியிருந்த பஸ் டிரைவர் வேறு ஒரு நாள் படியேறி வந்து வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாமல் சொன்னான்.

"பெரியக்கா, உங்க வருங்கால மாப்பிள்ளை ஞாயித்துக்கிழமை தவறாம நம்ம பஸ்லதான் வர்றாரு. கடைசி ஸ்டாப்ல இறங்குவாரு. தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல மஞ்சக் கேட்டு போட்ட வீடு."

"சொந்தக்காரங்க வீடா இருக்கும்."

"இருக்கும் இருக்கும். போன வாரம் ஒரு அம்மா கேட்டுல நின்னுக்கிட்டு, 'மாப்பிள்ளை வந்துட்டாரு'ன்னு உள்ள பாத்துச் சத்தம் போட்டுச்சு. நான் எதுக்குச் சொல்றேன், காதுல விழுந்துச்சு."

மாப்பிள்ளை! தங்கை வந்து சேரும்வரை பெரியக்கா வாசலிலேயே நின்றாள். தங்கையிடம் கேட்டாள். தங்கை, "ஞாயித்துக்கிழமை எங்கேயோ போறாரு. நான் கேக்கல. சொல்லணும்னு தோணும்போது சொல்லட்டும்" என்றாள்.

"நல்லாத் தோணும். நீ கேட்டுக்கிட்டே இரு."

அந்த வருஷக் கடைசி லீவு தொடங்கிய அன்று பாய்லர்காரர் பெரியக்காவின் வீட்டுக்கே வந்தார். அவர் இருந்த வாடகை அறையில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் புதிதாகச் சட்டம் போட்டிருந்தாராம். போன வருஷம்வரை மாடிப் படிக்கட்டுக்குக் கீழே ஸ்டவ்வை வைத்துக் காய்ச்சியிருக்கிறார். "ஒரு பொழுதுக்கு அடுப்படி கிடைக்குமா?" என்று தங்கை மூலம் கேட்டிருந்தார். பெரியக்கா உடனே சரி என்றுவிட்டாள். அது பெருந்தன்மை இல்லை. எது நடந்தாலும் தன் கண் முன்னால் நடக்கட்டும் என்றுதான்.

ஆள் நெடுநெடு என்று இருந்தார். ஆவியிலேயே வெந்து வெந்து முகம் சிவந்து கிடந்தது. பின் தலையில் மட்டும் முடி. ஒரு பையில் சர்க்கரை, எலுமிச்சம்பழம், வெண்ணெய், அடி கனத்த பாத்திரம் ஒன்று, காலி பிஸ்கட் டின்கள்.

"வணக்கம்க்கா."

"உக்காருங்க. உங்களுக்கு நான் அக்காவா? என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவரா இருப்பீங்க போலிருக்கே."

"அவங்களுக்கு அக்கான்னா எனக்கும் அக்காதானே" என்றார். பேச்சு அவ்வளவுதான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

தங்கைக்கு அன்று பகல் வேலை. பெரியக்கா தையல் அறையில் உட்கார்ந்து, வந்தவர்கள் போட்டுப் பார்க்கிற ஆளுயரக் கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்தித் திருப்பி வைத்தாள். அதில் அடுப்பும் அவர் முதுகும் சுத்தமாகத் தெரிந்தன. மெஷினைச் சும்மா மிதித்துக்கொண்டே கண்ணை அங்கே வைத்திருந்தாள்.

முதல் பாத்திரத்தில் சர்க்கரை, அதில் பாதிக்குத் தண்ணீர். கரையும்வரைதான் கிண்டினார். கொதி வந்ததும் கரண்டியை எடுத்துத் தூரப் போட்டுவிட்டார். பாத்திரத்தின் உள் விளிம்பில் தெறித்து ஒட்டிய சர்க்கரையை ஈரத்துணியால் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பெரியக்காவுக்குப் பொறுக்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அடி பிடிச்சிரப் போகுது. கிண்டக் கூடாதா?"

"கிண்டினா கெட்டுரும்க்கா. ஒரு சர்க்கரை மணி உள்ள விழுந்தாப் போதும், அதைப் பாத்து அத்தனையும் மறுபடி சர்க்கரையாப் போயிரும். மிட்டாய் பொலபொலன்னு உதிரும்."

"அப்படியா" என்றாள். இதையும் மனசில் குறித்துக்கொண்டாள்.

எலுமிச்சையைப் பிழிந்தார். குளிர்ந்த தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டார். முதலில் நூலாக ஓடியது. பிறகு விரலில் உருண்டது. கடைசியில் எடுத்து ஒடித்தபோது 'டக்' என்று முறிந்தது. வெண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, கை பொறுக்கிற சூட்டில் கத்தரித்து உருட்டி உருட்டிப் போட்டார். ஆறியதும் டின்னில் கொட்டினார். கலகலவென்று சத்தம் கேட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெரியக்கா தன்னையும் அறியாமல் மெஷினை நிறுத்திவிட்டாள்.

அப்புறம்தான் அது நடந்தது. அவர் இன்னொரு சின்னப் பாத்திரத்தில் பாகு வைத்தார். இதை முறிகிற பதம்வரை விடவில்லை, சீக்கிரமே இறக்கிவிட்டார். ஆற வைத்தார். வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்து, வெள்ளையாக ஒரு பொடியை அதில் தூவினார். பிறகு, கிண்டவே கூடாது என்று சொன்ன மனுஷன், மரக்கரண்டியை எடுத்துக் கை வலிக்க வலிக்கக் கிண்டினார். கண்ணாடி மாதிரி இருந்த பாகு வெளுத்து, மங்கி, சுண்ணாம்பு மாதிரி ஆனது. அதைத் தட்டில் பரப்பிச் சின்னச் சின்னச் சதுரமாகக் கீறினார். வெண்ணெய்த்தாளில் பொதிந்து, வெள்ளை நூலால் கட்டி, டின்களோடு சேர்க்காமல் அலமாரியில் தனியாக வைத்தார்.

பெரியக்காவால் அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து போய்க் கேட்டேவிட்டாள்.

"அந்தப் பொட்டலம் யாருக்கு?"

"அது... ஒருத்தருக்குக்கா."

"ஒருத்தருக்கா, ஒருத்திக்கா?"

அவர் சிரித்தார். சிவந்த முகம் இன்னும் சிவந்தது. "ஒருத்தருக்குத்தான். மத்தியானம் வந்து எடுத்துக்கிறேன். இந்த டின்னையெல்லாம் வார்டுல கொடுத்துட்டு வந்துர்றேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

பதில் சொல்லாமல் சிரிக்கிற ஆம்பிளையோடு பெரியக்கா ஏற்கெனவே ஒருமுறை குடும்பம் நடத்திப் பார்த்தவள். பொட்டலத்தை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினாள். கலகலக்கவில்லை. எல்லாருக்கும் ஒன்று, மஞ்சக் கேட்டு வீட்டுக்கு வேறொன்று. அதிலும் பொடி போட்டது. என்ன பொடி? மயக்கப் பொடியா, மருந்தா? யாரை எதற்கு மயக்கப் போகிறார்? இல்லை, மயங்கி நிற்பதே இவர்தானா? யோசிக்க யோசிக்கப் பச்சைத் துணியின் ஓரத்துக் கறுப்பு நூல்தான் கண்ணுக்குள் ஓடியது.

பொட்டலத்தைப் பிரித்தாள். வெள்ளைச் சதுரங்களை ஒரு டப்பாவில் மாற்றிக்கொண்டாள். தங்கைக்கென்று அவர் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டுப் போயிருந்த மஞ்சள் மிட்டாயை அதே வெண்ணெய்த்தாளில் வைத்தாள். குலுங்கினால் சத்தம் காட்டிக்கொடுக்குமே என்று, ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெட்டுத்துணி கொடுத்து இறுக்கிப் பொதிந்தாள். அதே நூலால் கட்டினாள். வாழ்நாளெல்லாம் முடிச்சுப் போட்ட கை. இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைத்தாள். ஆளுக்கு ஆள் வேறு மிட்டாய் எதற்கு, அங்கேயும் இதையே தின்னட்டும்.

மத்தியானம் அவர் வந்தார். பொட்டலத்தைக் கையில் எடுத்தார். முடிச்சை ஒரு நொடி பார்த்த மாதிரி இருந்தது. "வர்றேன்க்கா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் பெரியக்கா டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனாள். மருந்துக்கடைக்காரர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

"இதுல என்ன கலந்திருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. மெதுவா. யாருக்கும் தெரிய வேண்டாம்."

அவர் ஒரு சதுரத்தை எடுத்தார், பார்த்தார், லபக்கென்று வாயில் போட்டுக்கொண்டார்.

"ஐயோ, துப்புங்க! பொடி போட்டிருக்கு!"

"சர்க்கரைப் பொடிதான் பெரியக்கா. மாவு மாதிரி அரைச்சுப் போட்டிருக்காங்க. பாகு திரும்பச் சர்க்கரையாப் பூத்திருக்கு. இன்னொண்ணு எடுத்துக்கவா?"

"அப்போ கெட்டுப் போன மிட்டாயா?"

"தெரியாமச் செஞ்சாக் கெட்டுப் போனது. தெரிஞ்சு செஞ்சா வேற விஷயம்." நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு சொன்னார். "இதைக் கடிக்கவே வேண்டாம் பாருங்க. நாக்குல வச்சாக் கரைஞ்சு ஓடிருது. எங்கப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து போனப்ப எங்கம்மா இப்படித்தான் ஏதாச்சும் தேடித் தேடிக் கொடுப்பாங்க. அந்த மாதிரி ஆளுக்கு முழுங்க வராது. உருண்டை மிட்டாய் கிட்டாய் கொடுத்தோம்னு வைங்க, அப்படியே போய்த் தொண்டையில அடைச்சுக்கும். ஆளே போயிரும்."

பெரியக்காவுக்குக் கடை சுற்றியது. மஞ்சக் கேட்டு வீட்டில் அப்படி ஒருத்தர் இருந்தால்? டப்பாவை அப்படியே மேஜைமேல் விட்டுவிட்டு ஓடினாள். "பெரியக்கா, டப்பா!" என்று அவர் கத்தியது முதுகில் கேட்டது. திரும்பிப் போய் அதையும் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்றது கீழ்வீட்டு டிரைவரின் வண்டி. பாய்லர்காரர் முந்தின பஸ்ஸில் போய்விட்டாராம். பெரியக்கா டிரைவருக்குப் பின்னாலேயே நின்றுகொண்டாள்.

"சீக்கிரம் ஓட்டுப்பா."

"ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இதுவா ஓட்டு? அந்தச் சைக்கிள்காரன் நம்மளை முந்திட்டான் பாரு."

"பெரியக்கா, இது பஸ்ஸு. உங்க மெஷின் இல்ல, மிதிச்ச மிதிக்கு ஓட. என்ன, மஞ்சக் கேட்டு வீட்டுல சண்டை போடப் போறீங்களா? நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

"வாயை மூடிக்கிட்டு ரோட்டைப் பாரு" என்றாள். குரல் உடைந்திருந்தது. அவன் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான். நடுவில் இரண்டு நிறுத்தத்தில் இறங்க ஆளில்லாததால் நிறுத்தாமலே போனான்.

மஞ்சள் கேட் திறந்துதான் கிடந்தது. உள்ளே ஒரே அறை. பின்பக்கம் தண்ணீர் அடித்துத் துணி துவைக்கிற சத்தம். கட்டிலில் சுவரோடு சாய்த்து வைத்த மாதிரி ஒரு கிழவர். முகத்தின் ஒரு பக்கம் தொங்கிக் கிடந்தது. மடியில் வெண்ணெய்த்தாள் பிரிந்து கிடந்தது. அவளுடைய வெட்டுத்துணிகள் பூப்பூவாகப் போர்வையெல்லாம் சிதறிக் கிடந்தன. கிழவரின் நல்ல பக்கத்துக் கன்னம் புடைத்திருந்தது.

"ஐயா, துப்புங்க! துப்புங்க ஐயா!"

கிழவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். உதட்டை இறுக்க மூடிக்கொண்டார். எவளோ வந்து தன் மிட்டாயைப் பிடுங்கப் பார்க்கிறாள் என்று அவர் கண்ணில் எழுதியிருந்தது. பெரியக்காவுக்குத் தெரிந்த பார்வைதான் அது. தினம் காலையில் பால்காரனை அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

அவள் கையை நீட்டினாள். கிழவர் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். வாய்க்குள் மிட்டாய் உருண்டது. மிஞ்சியிருந்த ஒற்றைப் பல்லில் போய் 'டக்' என்று இடித்தது.

பின்பக்கம் துவைக்கிற சத்தம் சட்டென்று நின்றது. ஈரக்கையோடு பாய்லர்காரர் ஓடி வந்தார். பெரியக்காவைப் பார்த்தார், ஆனால் அதற்கு அப்போது நேரமில்லை. கிழவரைத் தன் தோளில் முன்பக்கமாகச் சாய்த்தார். தாடையை ஒரு கையால் பிடித்து, இன்னொரு கையின் விரலை உள்ளே விட்டு, வளைத்து இழுத்தார். மஞ்சள் உருண்டை எச்சிலோடு அவர் உள்ளங்கையில் விழுந்தது. கிழவர் இருமினார். இருமி இருமிக் கண்ணில் நீர் வந்தது.

இருமல் நின்றதும் கிழவர் வாய் திறந்தார். வார்த்தைகள் குழறி வந்தன.

"குடுடா அதை. நல்லா இருந்துச்சு. இத்தனை நாளா எனக்கு உதிர்ந்ததைக் குடுத்து ஏமாத்தியிருக்கே."

"இது வேண்டாம் மாமா. இது உங்களுக்கு ஆகாது."

"யாருடா இந்தப் பொம்பளை? மிட்டாய் கேக்க வந்திருக்கா?"

பாய்லர்காரர் நிமிர்ந்து பெரியக்காவைப் பார்த்தார். சிதறிக் கிடந்த வெட்டுத்துணியைப் பார்த்தார். பள்ளிக்கூடச் சட்டைத் துணி, தங்கையின் ரவிக்கைத் துணி. அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"எங்க அக்கா மாமா" என்றார். "உங்களுக்குச் சரியான மிட்டாயை எடுத்துக்கிட்டு வந்திருக்காங்க."

பெரியக்கா டப்பாவை நீட்டினாள். அவர் ஒரு சதுரத்தை எடுத்துப் பாதியாகக் கிள்ளிக் கிழவரின் நாக்கில் வைத்தார். அது கரைகிறவரை தாடைக்கடியில் கையை வைத்துக்கொண்டே இருந்தார். கிழவரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

"என் பொண்ணு எங்கேடா?"

"வேலைக்குப் போயிருக்கா மாமா."

"லீவு விட்டாச்சே?"

"அவ ஆபீசுக்கு இன்னும் விடல. வந்துருவா."

கிழவர் தலையாட்டிக்கொண்டே கண்ணை மூடினார்.

துணிகளைக் கொடியில் காயப்போடும்போது பெரியக்காவும் போய் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் வேட்டியை முறுக்கிப் பிழிந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா சமைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறாராம். அவர்தான் கேட்டில் நின்று சத்தம் போட்டவர். துவைக்கிறதும் குளிப்பாட்டுகிறதும் பாய்லர்காரர் வந்தால்தான். லீவு நாளிலும் வந்துவிடுவாராம்.

"மகள் திரும்ப வரமாட்டான்னு அவருக்குத் தெரியாதா?"

"சொல்லியிருக்கேன்க்கா. சொன்னா அழுவாரு. மறுநாள் மறந்துட்டு மறுபடியும் அவ எங்கேன்னு கேப்பாரு. எத்தனை தடவைதான் ஒரு மனுஷனைப் புதுசா அழ வைக்கிறது? விட்டுட்டேன்."

"எங்ககிட்டச் சொல்றதுக்கென்ன?"

அவர் வேட்டியை உதறினார். "அத்துவிட்ட பெண்டாட்டியோட அப்பாவை இன்னமும் மாமாங்கிறவனை எந்த வீட்டுல மாப்பிள்ளையா எடுப்பாங்க? சொல்லத்தான் நினைப்பேன். நாக்கு வரைக்கும் வரும்."

பெரியக்கா வேட்டியைக் கொடியில் போட்டுச் சுருக்கத்தை நீவிவிட்டாள். பிறகு, "பொட்டலத்தை மாத்தினது நான்தான்" என்றாள்.

"அது துணியைப் பாத்ததுமே தெரிஞ்சுச்சு. பிரிச்சீங்கன்னு அங்கேயே தெரியும். என் முடிச்சு அவ்வளவு அழகா இருக்காதுக்கா. பாத்துட்டுத் திருப்பிக் கட்டி வச்சிருக்காங்க, பாக்கட்டும், நல்லதுதான்னு நினைச்சேன். மாத்தியிருப்பீங்கன்னு நினைக்கல. நூலை மட்டும் அவிழ்த்து அவர் மடியில போட்டுட்டுப் பின்னால துணிக்குப் போயிட்டேன்." வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்தார். "நானும் பிரிச்சுப் பாத்திருக்கணும்."

திட்டியிருந்தால் பெரியக்கா தாங்கியிருப்பாள். திட்டவில்லை. அதுதான் அவளுக்கு நெஞ்சில் மாட்டிக்கொண்டது.

சாயங்காலம் தங்கை வந்தபோது பெரியக்கா மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். ஆளுயரக் கண்ணாடி மறுபடி பழைய இடத்தில் எதிர்ச் சுவரைப் பார்த்து நின்றது.

"என்னக்கா, மிட்டாய் காய்ச்சினாரா? என் பங்கு எங்கே?"

"உன் பங்கை நான் வேறொருத்தருக்குக் கொடுத்துட்டேன். கதையெல்லாம் அப்புறம் சொல்றேன். என்னைத் திட்டுறதா இருந்தா எல்லாத்தையும் கேட்டுட்டு மொத்தமாத் திட்டு. லீவு முடிஞ்சதும் ரிஜிஸ்டர் ஆபீஸ் எப்போ திறக்கும்னு மொதல்ல கேட்டு வை."

தங்கை பையைக் கீழே போட்டுவிட்டு வந்து அக்காவின் தோளைக் கட்டிக்கொண்டாள்.

"விடுடி, எண்ணெய் கொட்டுது. அதுக்கு முன்னால அந்தக் கோர்ட்டுக் காகிதத்தை நான் கண்ணால பாக்கணும். சொல்லிட்டேன்."

பாய்லர்காரர் காகிதத்தைக் கொண்டு வந்து காட்டினார். பெரியக்கா முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பிறகும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அப்புறம்தான் கையெழுத்துப் போடப் போனார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கையும் மஞ்சள் கேட் வீட்டுக்குப் போனாள். கிழவர் யார் என்று கேட்டால் நர்ஸ் என்று சொல்வாள். அது பொய்யும் இல்லை. கிழவர் அவளிடம், என் மாப்பிள்ளை தங்கமான பையன், அவனுக்கு வாய்த்தவள்தான் வேலை வேலை என்று அலைகிறாள் என்று குறைப்படுவார். "சொல்லி வைக்கிறேன் ஐயா" என்பாள். ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் அலமாரியில் தனியாக இருந்த பொட்டலத்துக்குப் பெரியக்காதான் முடிச்சுப் போட்டாள். போடுவதற்கு முன்னால் ஒன்றை எடுத்து வாயில் வைத்துப் பார்ப்பாள். சந்தேகம் என்றால் சந்தேகம்தான். அது பொடியைப் பற்றி இல்லை. சரியாகக் கரைகிறதா என்று. கிழவர் கடைசிவரை மிட்டாய்க்கு ஆசைப்பட்டு, ஒரு மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். கொள்ளிக்கும் காரியத்துக்கும் ஆளாக நின்றது மாப்பிள்ளைதான்.

பாய்லர்காரர் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது பெரியக்காவின் வீட்டில், தையல் அறைக்கு அடுத்த அறையில், மனைவியோடு இருக்கிறார்.